லோ வோல்டேஜ்: எந்தக் கருவி காத்திருக்கும்?



"சாயங்காலம் ஏழு மணி ஆனா லைட்டு மங்குது, கிரைண்டர் சுத்தவே மாட்டேங்குது." குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மாவு வியாபாரம் செய்யும் உறுப்பினருக்கு இதனால் நஷ்டமே வரலாம். குழுக் கடனில் வாங்கிய கிரைண்டரில் காயில் எரிந்துவிட்டால் தவணையும் கட்டணும், ரிப்பேர் செலவும் பார்க்கணும்.

வோல்டேஜ் ஏன் குறைகிறது?

நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து பல வீடுகளுக்குக் கரண்ட் போகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் தண்ணீர் சொட்டும் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். வோல்டேஜ் குறைந்தால் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அதே வேலைக்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும். அதனால் சூடாகி, காயில் எரியும்.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் சுமார் 1,000 வாட் இழுக்கும். அதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு நூறுக்கு மேல் எரியும்! ஸ்விட்ச் போட்ட நொடியில் அது இன்னும் பல மடங்கு இழுக்கும்.

சென்னையிலும் இதே கதைதான்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வீட்டுக்கு வீடு ஏ.சி. கோடை இரவில் எல்லாம் சேர்ந்து ஓடினால் அங்கேயும் டிரான்ஸ்பார்மர் திணறும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான், 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது.

நாம் செய்யக்கூடியது

விளக்கும் ஃபேனும் காத்திருக்காது. பிள்ளைகள் படிக்கணும். ஆனால் சில கருவிகள் காத்திருக்கும்:

1. தண்ணீர் மோட்டார்: பகலிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.
2. கிரைண்டர்: நாலு மணிக்குள் அரைத்து முடியுங்கள்.
3. ஃபிரிட்ஜ்: கதவைத் திறக்காமல் இருந்தால், ஒரு மணி நேரம் அணைத்து வைத்தாலும் குளிர் போகாது.
4. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர்: மாலையில் வேண்டாம்.

கரண்ட் போனால் மோட்டார் கருவிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ஐந்து நிமிடம் கழித்து, ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

"ஸ்டெபிலைசர் வாங்கினா போதாதா?" என்று கேட்கலாம். அது நம் கருவியைக் காக்கும். ஆனால் வெளியிலிருந்து கூடுதல் கரண்டை இழுப்பதால் பக்கத்து வீட்டில் வோல்டேஜ் இன்னும் குறையும். ஒரு வீடு மட்டும் மாறினால் பலன் தெரியாது, தெருவே மாறணும். அதற்குத்தானே குழு!

இப்படிச் செய்தும் குறைந்தால் குறை லைனில் இருக்கலாம். யாரும் கம்பியைத் தொட வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. எல்லோரும் சேர்ந்து புகார் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

* நம் தெருவில் எத்தனை வீட்டில் மோட்டார், கிரைண்டர் உள்ளன?
* யார் எந்த நேரத்தில் போடுவது?
* ஒரு வாரம் கழித்து வெளிச்சத்தில் வித்தியாசம் தெரிகிறதா?