கைப்பேசியும் கிராம வாழ்வும்

ஒரு காலத்தில் கிராமத்திற்குத் தந்தி வந்தது என்றால் ஊரே கலங்கும். தந்திச் சேவகர் சைக்கிளில் வருவதைக் கண்டதும், எந்த வீட்டிற்கு என்ன துக்கச் செய்தியோ என்று மக்கள் வாசலுக்கு வந்து நிற்பர். அந்தத் தந்திப் பணி 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் முடிவுற்றது. அதன் இடத்தை எடுத்துக்கொண்ட கைப்பேசி, 1995 ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிற்கும் டில்லிக்கும் இடையே நடைபெற்ற உரையாடலுடன் இந்தியாவில் அடியெடுத்து வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இணையமும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒன்றாகி, இன்று களத்துமேட்டிலும், பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலிலும், ஆடு மேய்க்கும் சிறுவனின் சட்டைப் பையிலும் இடம்பெற்றுவிட்டன.

இவற்றால் நம் அன்றாட வாழ்வு உயர்ந்துள்ளதா என்ற வினா ஊர்தோறும் எழுகின்றது. உயர்ந்தது என்போர், தொலைவிலுள்ள மகனின் குரலை நாள்தோறும் கேட்பதையும், பட்டா நகலை வீட்டிலிருந்தே பெறுவதையும் காட்டுவர். தாழ்ந்தது என்போர், திண்ணைப் பேச்சு ஒழிந்ததையும், பிள்ளைகள் இரவெல்லாம் விழித்திருப்பதையும், ஏமாற்றுக்காரர்கள் பெருகியதையும் காட்டுவர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் ஊர்ப் பொறுப்பை ஏற்றவர்கள், எவ்விடத்தில் நன்மை விளைந்தது, எவ்விடத்தில் விளையவில்லை, அதற்குக் காரணம் யாது என்று ஆராய்ந்து அறிதல் வேண்டும். அதற்குத் துணையாகச் சில மெய்ந்நிகழ்ச்சிகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

1. கடலில் கிடைத்த விலை

கேரள நாட்டின் வட பகுதியில் மத்தி மீன் பிடிப்போர், படகு நிறைய மீனுடன் தங்கள் வழக்கமான கரைக்கே திரும்புவர். அங்கு வாங்குவோர் குறைவாயின் மீனைக் கடலில் கொட்டுவதன்றி வேறு வழியில்லை. 1997 ஜனவரி 14-ஆம் நாள் வடகரைக் கடற்கரையில் பதினொரு மீனவர்களின் மீனை வாங்க ஆளில்லை. அதே காலை வேளையில், 15 கிலோமீட்டர் தொலைவிற்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில், கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 10 ரூபாய் தர அணியமாக இருந்த 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றனர். ஒரு சாராரின் நிலை மற்றொரு சாராருக்குத் தெரியாமையே இந்த இழப்பிற்குக் காரணம்.

1997 முதல் 2001 வரையிலான காலத்தில் கோழிக்கோடு, கண்ணனூர், காசர்கோடு மாவட்டங்களில் படிப்படியாகக் கைப்பேசிக் கோபுரங்கள் எழுந்தன. கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள்ளும் பேச்சு எட்டியது. மீனவர்கள் படகிலிருந்தபடியே பல கரைகளின் விலையைக் கேட்டறிந்து, தக்க கரையை நோக்கிப் படகைத் திருப்பினர். இதனைப் பல்லாண்டு ஆராய்ந்த இராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் 2007-இல் வெளியிட்ட முடிவுகள் கருதத்தக்கவை. அதுவரை நாள்தோறும் வீணான 5 முதல் 8 விழுக்காட்டு மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் இலாபம் 8 விழுக்காடு உயர்ந்தது. மீன் வாங்கி உண்போர் கொடுக்கும் விலையோ 4 விழுக்காடு குறைந்தது. விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கும் ஒருங்கே நன்மை விளைந்தமை இங்குக் கவனிக்கத்தக்கது.

2. விலை தெரிந்தும் பயன் இல்லாமை

இதே நன்மை எல்லா உழவர்க்கும் கிட்டிவிடும் என்று நாம் எண்ணிவிடலாகாது. மகாராஷ்டிர மாநிலத்தில் நூறு கிராமங்களில் மற்றோர் ஆராய்ச்சி நடைபெற்றது. உழவர் பலருக்குச் சந்தை விலையும் வானிலையும் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டன; செய்தி பெறாத உழவர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தனர். 2012-இல் வெளியான முடிவின்படி, செய்தி பெற்றவர்கள் தம் விளைபொருளுக்குப் பெற்ற சராசரி விலையில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை.

ஒரே கருவி ஓரிடத்தில் பயன் தந்து, மற்றோரிடத்தில் தராமற் போனது ஏன்? மத்தி மீனவரின் படகு கடலில் நின்றது. எந்தக் கரைக்கும் அதைத் திருப்பலாம். நம் உழவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். விதைக்கும் உரத்திற்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், விளைச்சலை அவரிடமே அளந்தாக வேண்டும். பத்து மூட்டை நெல்லுக்காக வண்டி வாடகை கொடுத்துத் தொலைவிலுள்ள சந்தைக்குச் செல்வது கட்டுபடியாகாது. தக்காளியை இரண்டு நாள் வைத்திருக்கக் குளிர்பதனக் கிடங்கு இல்லை. இத்தகையோருக்கு அடுத்த ஊரில் விலை கூடுதல் என்ற செய்தி ஏக்கத்தைத் தருமேயன்றிப் பணத்தைத் தராது.

ஆகவே, செய்தி கேட்டவர் அதன்படி நடக்க வல்லவராக இருந்தால்தான் செய்தி செல்வமாகும். கூட்டுறவுக் கடன், கிடங்கு வசதி, பலர் சேர்ந்து வண்டி அமர்த்தி விற்கும் உழவர் குழு ஆகியவை உள்ள ஊரில் கைப்பேசி பொருளீட்டித் தரும். இவை இல்லாத ஊரில் அது வெறும் பேச்சுக் கருவியாகவே நின்றுவிடும்.

3. ஊரைக் காத்த ஒரு செய்தி

புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்பது ஒரு மீனவக் கிராமம். டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1998 முதல் அப்பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்து வந்தது. வீராம்பட்டினத்தில், கடல் அலையின் உயரம் பற்றி இணையத்தில் கிடைத்த செய்தியை, படிப்பறிவில்லாதவர்களும் அறியும்படி ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தனர். நல்லவாட்டிலும் அத்தகைய மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை, சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் காலந்தாழ்த்தாமல் மையத்தின் ஒலிபெருக்கி வழியே அனைவரையும் கரையை விட்டு வெளியேறச் செய்தனர். படகுகளும் வீடுகளும் அழிந்தன. ஆயினும் ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை.

அன்று அவ்வூரில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்ததா என்றால் இல்லை. வந்தது ஒரே அழைப்பு. அதை ஊர் முழுவதற்கும் உரியதாக்கிய பொது அமைப்பு இருந்தமையால் அது ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

4. ஊரைக் கெடுத்த ஒரு செய்தி

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியையும் நாம் மறைத்தலாகாது. 2018-ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்துள்ளனர் என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியே பல மாநிலங்களில் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தார் வழியிலிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அவர்களைப் பிள்ளை பிடிப்பவர் என்று கருதிய கூட்டம் தாக்கியதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். பல மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நேர்ந்த பின்னரே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் திருப்பி அனுப்ப இயலாதபடி இந்தியாவில் அந்நிறுவனம் வரம்பு விதித்தது.

நல்லவாட்டிற்கு வந்த செய்தியும் விரைவாகத்தான் வந்தது. பிள்ளை பிடிப்போர் பற்றிய செய்தியும் விரைவாகத்தான் வந்தது. முன்னதைச் சொன்னவர் யார் என்பதை ஊரார் அறிவர். பின்னதைச் சொன்னவர் யார் என்பதை எவரும் அறியார், கேட்கவும் இல்லை. சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்ற இரண்டு வினாக்களைக் கேட்கும் பழக்கத்தை ஒவ்வொரு கிராமத்தாரும் மேற்கொள்ளுதல் வேண்டும்.

5. கைப்பணமும் கள்வரும்

2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையினால், பூக்காரியும் இளநீர் விற்பவரும் கைப்பேசியிலேயே பணம் பெறுகின்றனர். 2025 ஆகஸ்டில், அந்த ஒரு மாதத்தில் மட்டும் இம்முறையில் நடந்த பணப் பரிமாற்றங்கள் 2,000 கோடியைக் கடந்தன. சில்லறைத் தட்டுப்பாடு நீங்கியதும், வங்கிக்கு நடக்கும் நாள் மிச்சமானதும் மெய்யான நன்மைகளே.

ஆயினும் களவும் இவ்வழியே வீட்டிற்குள் நுழைந்துள்ளது. ஊரார் அனைவரும் மனத்தில் பதிக்க வேண்டியவை வருமாறு: வங்கி அலுவலர் எவரும் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்பதில்லை. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதில்லை. அழுத்தச் சொன்னால் நம் கணக்கிலிருந்து பணம் போகப் போகின்றது என்பது பொருள். காவல் துறையினர் காணொளி அழைப்பின் வழியே எவரையும் கைது செய்வதில்லை. பணம் பறிபோனது தெரிந்தால், வெட்கத்தினால் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கை மாறி மறைவதற்கு முன் அதைத் தடுத்து நிறுத்த இயலுமாதலின் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

6. யாருக்கு எட்டியது?

2019–21-இல் நடத்தப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் நாடு முழுவதும் 54 விழுக்காட்டினரே. கிராமப்புறங்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர். பெண்களோ 25 விழுக்காட்டினர். நாற்று நடுவோரும், களை எடுப்போரும், கறவை மாட்டைக் காப்போரும் பெரும்பாலும் பெண்களாக இருக்க, வேளாண்மைச் செய்தி மட்டும் ஆண்களின் சட்டைப் பைக்குச் செல்லுதல் முறையாகுமா?

2020-இல் கொள்ளை நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாடத்தை இழந்தனர். கைப்பேசி இருந்த வீட்டிலும், தகப்பனார் அதை வேலைக்கு எடுத்துச் சென்றால் பிள்ளைக்குப் பாடமில்லை. அவ்விழப்பை ஈடுசெய்ய, 2021-இல் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைப் பிள்ளைகளின் இருப்பிடத்திற்கே அனுப்ப நேர்ந்தது. கற்பிக்கும் மனிதரின் இடத்தைக் கருவி நிரப்பவில்லை என்பதை இது காட்டும்.

7. ஊராட்சி செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால், கைப்பேசியும் இணையமும் வாழ்வை உயர்த்த வல்லவை என்பதும், தாமாகவே உயர்த்துவன அல்ல என்பதும் விளங்கும். எஞ்சிய பணி நம்முடையது. அவற்றுள் சில:

(அ) ஊராட்சி ஒலிபெருக்கியைப் பழுதின்றி வைத்திருத்தல் வேண்டும். புயல், வெள்ளம், பூச்சித் தாக்குதல், கொள்முதல் நிலையம் திறக்கும் நாள் ஆகிய செய்திகள் அதன் வழியே கைப்பேசி இல்லாதவர்க்கும் எட்டும்.

(ஆ) பயிர் நோய் பற்றிய ஐயங்களுக்கு, 2004 முதல் இயங்கிவரும் உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551-ஐ ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். அங்குத் தமிழிலேயே விடை பெறலாம். 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட "உழவன்" செயலியைப் பயன்படுத்தும் முறையை, அறிந்த இளைஞர்கள் முதியோர்க்குக் கற்பிக்கலாம்.

(இ) மகளிர் சுயஉதவிக் குழுக்களில் திங்களுக்கு ஒருமுறை கைப்பேசிப் பயிற்சி நடத்தலாம். பணம் அனுப்புதல், விண்ணப்பம் செய்தல், மோசடியை அறிதல் ஆகியவை அப்பயிற்சியில் இடம்பெற வேண்டும்.

(ஈ) இணையத்தில் விண்ணப்பிக்க இயலாத முதியோரை எவரும் திருப்பி அனுப்பலாகாது. கைரேகை தேய்ந்த உழைப்பாளிக்குக் கருவி மறுத்தாலும், அவருக்குரிய அரிசியும் ஓய்வூதியமும் கிடைக்கச் செய்வது உறுப்பினர்களின் கடமை.

(உ) பிள்ளைகள் இரவில் கைப்பேசியை விட்டு உறங்கவும், மாலையில் விளையாடவும் பெற்றோர் ஒழுங்கு செய்தல் வேண்டும். நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் ஊராட்சி நன்னிலையில் வைத்திருந்தால் இவ்வொழுங்கு எளிதாகும்.

கிராம சபையில் ஆராயத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத தெருக்களும் குடியிருப்புகளும் எவை?
2. சென்ற பருவத்தில், சந்தை விலை தெரிந்திருந்தும் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களைத் தடுத்தது கடனா, வண்டியா, கிடங்கா?
3. நள்ளிரவில் வெள்ள எச்சரிக்கை வந்தால், அதைக் கேட்டு ஊரை எழுப்பும் பொறுப்பு யாருடையது?
4. நம் ஊரில் தமக்கென்று கைப்பேசி இல்லாத பெண்கள் எத்தனை பேர்?

இவ்வினாக்களுக்குரிய விடைகளை வெளியார் எவரும் சொல்ல இயலாது. ஊரார் கூடி, தெருத் தெருவாகக் கணக்கெடுத்து அறிய வேண்டியவை அவை. அடுத்த கிராம சபைக்கு முன் அக்கணக்கை எடுத்து முடிக்கும் ஊராட்சி, இக்கருவிகளின் பயனைத் தன் மக்களுக்கு உரியதாக்கும் வழியில் முதல் அடியை வைத்ததாகும்.