விளக்கு எரிந்தால் முதலில் என்ன பார்க்கணும்?

பட்டறையில் என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் சொல்லித் தரும் பாடம் இது. நம்மில் பலர் வேலைக்குப் போன கையோடு 9 வருடத் தவணையில் புதுக் காடி எடுத்துவிடுகிறோம். ஆனா டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிஞ்சா என்ன செய்றதுன்னு தெரியல. தெரியாத இடத்தில்தான் பணம் போகும். சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும்.

1. நிறத்தைப் பாருங்க

பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல் மட்டுமே. மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனிக்கணும். சிவப்பு என்றால் நிறுத்தணும்.

எண்ணெய்க் குடுவைப் படம் சிவப்பாக எரிந்தால், எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். "அடுத்த ஆர் அண்ட் ஆர் வரைக்கும் ஓட்டிடலாம்" என்ற பேச்சே வேண்டாம். ஓரம் கட்டி எஞ்சினை அணைச்சிடுங்க. சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்குக்கும் இதேதான். சூடு ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. நெடுஞ்சாலையில் நின்றால் காடிக்குப் பின்னால் நிற்காதீங்க. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்று உதவிக்குக் கூப்பிடுங்க.

மஞ்சள் எஞ்சின் விளக்கு சிமிட்டாமல் எரிந்தால், காடி வழக்கம்போல ஓடும்வரை நிதானமாகப் பட்டறைக்குக் கொண்டு போகலாம். அதுவே கண் சிமிட்டினால் கதை வேறு. சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அது விலை கூடிய சாமான். உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்க.

2. கோட் எண்ணை வாசிப்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசி கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 முறை இது. இன்று நம் ஊர்க் காடிகளிலும் உண்டு. புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் சொருகினால் கோட் எண் கைப்பேசியில் தெரியும். 'பி0' என்று தொடங்கினால் பெரும்பாலும் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்ட பொதுவான கோட். 'சி' என்றால் பிரேக், ஸ்டீயரிங் பக்கம். 'யூ' என்றால் காடிக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதில் கோளாறு.

3. கோட் ஒரு புகார்தான், தீர்ப்பு இல்லை

இதுதான் பாடத்தின் உயிர். பி0171 என்ற கோடை எடுத்துக்குவோம். எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். இதைச் சொன்னது ஆக்சிஜன் சென்சார். உடனே சிலர் அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். புகார் கொடுத்தவனைப் பிடித்து உள்ளே போடுற மாதிரி! காற்றுக்குழாய் வெடித்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சார் அழுக்காகியிருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம்.

கண்டுபிடிக்க வழி உண்டு. ஸ்கேனரில் 'ஃபியூல் டிரிம்' எண்ணைப் பாருங்க. கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதை அது காட்டும். காடி நிற்கும்போது எண் அதிகமாக இருந்து, 2500 சுற்றுக்கு முறுக்கும்போது குறைந்தால், எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். முறுக்க முறுக்க எண் ஏறினால் பெட்ரோல் வரும் வழியைப் பாருங்க.

4. எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால்

ஏபிஎஸ், ஸ்டீயரிங், கியர் என்று ஒரே நேரத்தில் செய்தி வந்தால் பயப்படாதீங்க. எல்லாம் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். முதலில் பேட்டரியை அளங்க. எஞ்சின் அணைந்திருக்கும்போது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது பெரும்பாலான காடிகளில் 13.5 முதல் 14.7 வரை இருக்கணும். பேட்டரி தளர்ந்தால் கணினிகள் உளறத் தொடங்கும்.

5. அழிக்கும் முன் படம் பிடியுங்க

கோடை அழித்தால் விளக்கு அணையும், நோய் போகாது. கோளாறு வந்த நேரத்தில் இருந்த வேகம், சூடு போன்ற விவரங்களும் சேர்ந்தே அழிந்துவிடும். அதனால் முதலில் படம் பிடித்து வையுங்க. பிறகு போமனிடம் மரியாதையாகக் கேளுங்க: "அண்ணே, என்ன கோட் வந்துச்சு? இந்தச் சாமான்தான் கெட்டதுன்னு எப்படி சோதிச்சீங்க?" நல்ல போமன் கோபப்படமாட்டார், காட்டுவார்.

வீட்டுப் பாடம்: இன்றைக்கே காடியில் உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்யுங்க. எஞ்சின், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரியணும். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் பிறகு அணையணும்; எஞ்சின் விளக்கு பல காடிகளில் எஞ்சினைக் கிளப்பிய பிறகுதான் அணையும். எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். பழைய காடி வாங்கப் போகும்போது இந்தச் சோதனையை மறக்காதீங்க.