தரங்கம்பாடியின் சான்றுகள்

ஓர் ஊரின் வரலாறு ஏடுகளில் மட்டும் அடங்குவதன்று. அவ்வூரின் வாயிலிலும் வீதியிலும் நின்று தன்னைத் தானே உரைப்பதும் உண்டு. மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள கடற்கரைச் சிறுநகரமாகிய தரங்கம்பாடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஊருக்குள் வருவோரை முதற்கண் வரவேற்பது 1792-இல் எழுப்பப்பெற்ற நகர வாயில். அதனைக் கடந்து அரசர் வீதி வழியே சென்றால் கடலோரத்தில் டேனியர் கோட்டையைக் காணலாம். 1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று, டென்மார்க்கு நாட்டு வணிகர் அதனைக் கட்டினர். 1706-இல் சீகன்பால்கு கரையிறங்கியதைக் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் குறிக்கிறது. தமிழ் பயின்று தமிழ் நூல்களை அச்சிட்ட அப்பெரியார், 1719-இல் மறைந்து, இங்குள்ள புதிய எருசலேம் ஆலயத்தில் துயில்கின்றார். 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்று நீங்கினர்.

இவற்றை மட்டும் காண்போர், ஊரின் வரலாறே டேனியரோடு தொடங்கிற்று என எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தை மறுத்து நிற்பது மாசிலாமணிநாதர் கோயில். அது டேனியர் வருகைக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்னர், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் கல்வெட்டு இவ்வூரைச் 'சடங்கன்பாடி' என அழைக்கிறது. அந்தோ! அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டது.

கல்லும் அழியும் என்பதற்கு இதுவே சான்று. சான்று அழியின் ஊரின் தொன்மையும் உடன் மறையும். எனவே, மாணவர்களே, உங்கள் ஊரிலுள்ள கல்வெட்டுகளையும் நினைவுச் சின்னங்களையும் படித்தறியுங்கள். அவற்றின்மேல் பெயர் கீறாதீர்கள். அறிந்தவரே காப்பர்.