கொழுந்து நிறுவைச் செய்நிரலும் லொகிங் நூலகமும்: முக்கியக் குறிப்புகள்

பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கம் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுத்திருப்பவர்களுக்கும், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கப் போகிறவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். மொழி பைதன். ஆண்டுகளையும் எண்களையும் மனனம் செய்துவிடலாம். வழு தேடுவதோ செய்து செய்துதான் கைவரும்.

• வழுக்கள் மூன்று வகை: தொடரியல் வழு, இயக்கநேர வழு, தருக்க வழு. முதலாவது இருந்தால் செய்நிரல் ஓடவே தொடங்காது. இரண்டாவதில் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடும். இந்த இரண்டிலும் பைதனே வரி எண்ணைக் காட்டிவிடும். மூன்றாவதில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பிழையான விடை வரும். லொகிங், அதாவது செய்நிரல் ஓடும்போது நடப்பதைப் பதிந்துவைப்பது, அதிகம் கைகொடுப்பது இந்த வகைக்குத்தான்.

• ஒரு பயிற்சி. கொழுந்து நிறுவையை வாசித்து, செக்ரோலில் பேர் போடும் செய்நிரல் ஒன்றை எழுதுகிறீர்கள். அன்றைக்கு எடுக்க வேண்டியது 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 18 அல்லது அதற்கு மேல் எடுத்தவருக்கு முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். நிபந்தனையில் 'பெரிது அல்லது சமன்' வர வேண்டிய இடத்தில் 'பெரிது' என்று எழுதிவிட்டீர்கள். 17 கிலோவுக்கும் 22 கிலோவுக்கும் விடை சரியாகவே வரும். சரியாக 18 கிலோ பறித்தவருக்கு அரைப் பேர் விழும். நீளமான பட்டியலில் அது கண்ணில் படாது, ஆனால் மலையேறி இறங்கிய ஒருவருக்கு அரைநாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் எல்லை மதிப்பைச் சோதிக்காமல் இப்படியான செய்நிரலைக் கையளிக்கவே கூடாது.

• இந்த வழுவைப் பிடிக்க "இங்கே வந்துவிட்டது" என்று பதியும் வரி உதவாது. உள்ளே வந்த மதிப்பு, அதை ஒப்பிட்ட அளவு, எடுத்த முடிவு மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். "இலக்கம் 114, நிறை 18.0, அளவு 18, முடிவு அரை" என்று பதிவு இருந்தால் வாசித்த கணத்திலேயே தவறு தெரியும். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

• இதே செய்நிரலில் இன்னொரு பொறி: கோப்பிலிருந்து வாசிக்கும் நிறையும் அளவும் எழுத்துச்சரமாகவே வரும். எண்ணாக மாற்ற மறந்தால், பைதன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு '9' என்பதை '18' ஐவிடப் பெரிதென்று சொல்லும். 9 கிலோவுக்கு முழுப் பேர் விழும். பதியும்போது சதவீதக் குறிக்குப் பின் 'எஸ்' எழுத்துக்குப் பதில் 'ஆர்' எழுத்தைப் பயன்படுத்தினால் எழுத்துச்சரம் மேற்கோள் குறிகளோடு பதிவாகும். காரணம் அப்போதே தெரிந்துவிடும்.

• பதிவின் தீவிர மட்டங்களும் எண்களும்: டிபக் 10, இன்ஃபோ 20, வோர்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. நொட்செட் 0. எதையும் அமைக்காவிட்டால் வேர் லொகரின் மட்டம் வோர்னிங். இன்ஃபோ வரியை எழுதியும் திரையில் ஒன்றும் வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

• மட்டம் என்றால் என்ன என்பதை நம் மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் எல்லைகள் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம். மழைமானி எல்லாத் துளியையும் பதிகிறது, எல்லையைத் தாண்டினால்தான் ஊருக்கு அறிவிப்பு வருகிறது. நூலகமும் அப்படியே: கோப்பில் எல்லாம் பதியட்டும், திரைக்கு வோர்னிங்கும் மேலும் வரட்டும்.

• தேர்வுப் பொறி: பைதனில் எண் கூடக் கூடத் தீவிரம் கூடும். சிஸ்லொக் முறையில் தலைகீழ். 0 மிகத் தீவிரமானது, 7 டிபக்.

• உறுப்புகள் நான்கு: லொகர், ஹேண்ட்லர், ஃபில்டர், ஃபோர்மட்டர். பதிவை வாங்குவது லொகர், அனுப்புவது ஹேண்ட்லர், வடிகட்டுவது ஃபில்டர், வரிக்கு வடிவம் கொடுப்பது ஃபோர்மட்டர். நூலகத்தின் நெகிழ்வு முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. ஒரே லொகருக்குக் கோப்பு, திரை, மின்னஞ்சல் என்று பல ஹேண்ட்லர்களைப் பூட்டலாம், ஒவ்வொன்றுக்கும் தனி மட்டம் வைக்கலாம். ஆனால் லொகரின் மட்டம் முதல் வாசல். அது வோர்னிங்கில் நின்றால் ஹேண்ட்லரை டிபக்கில் வைத்தும் பயனில்லை.

• ஒரே வரி இருமுறை பதிவாகிறதா? பிள்ளை லொகரின் பதிவு தாய் லொகரின் ஹேண்ட்லர்களுக்கும் ஏறும். இரண்டிலும் ஹேண்ட்லர் பூட்டியிருப்பீர்கள்.

• கோப்பு பெருகாமல் இருக்க ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லர். அதில் மேக்ஸ்பைட்ஸ், பேக்கப்கவுன்ட் இரண்டில் ஒன்று 0 என்றாலும் கோப்பு சுழலாது.

• எக்ஸெப்ஷன் என்ற முறையை விதிவிலக்கைப் பிடிக்கும் பகுதிக்குள் அழைக்க வேண்டும். எரர் மட்டத்தில், வழு வந்த பாதையோடு பதியும்.

• தமிழில் பதிய விரும்புவோர் கவனிக்க: விண்டோஸில் குறிமுறையைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் தமிழ் எழுத்து எழுதுகையில் வழு வரலாம். யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். லொகிங்கை அமைக்கும் பேசிக்கொன்ஃபிக்கில் இதை நேரே கொடுக்கும் வசதி பைதன் 3.9இல் வந்தது. வேர் லொகருக்கு ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் பேசிக்கொன்ஃபிக் எதையும் மாற்றாது. மாற்ற வேண்டுமானால் 3.8 முதல் உள்ள ஃபோர்ஸ் தெரிவு வேண்டும்.

• வரலாறு சுருக்கமாக: ஜாவாவின் லொகிங் நூலகமான லொக்4ஜேயைத் தொடங்கியவர் ஜெகி குல்ஜு. அதன் வேர் 1996இல் ஐரோப்பிய செம்பர் திட்டத்தில் இருக்கிறது. பைதனுக்கு இத்தகைய நூலகத்தை முன்மொழிந்த ஆவணம் பெப் 282. எழுதியோர் வினய் சஜிப், டிரென்ட் மிக். பைதன் 2.3 பதிப்போடு 2003இல் அது நியம நூலகத்தில் சேர்ந்தது.

• லொக்4ஷெல்: 2021 டிசம்பரில் வெளியான பாதிப்பு, இலக்கம் சிவிஇ-2021-44228, தீவிரப் புள்ளி 10க்கு 10. பதியும் செய்திக்குள் வந்த ஒரு முகவரியை லொக்4ஜே 2 தானே தேடிப் போனது. அதனால் எதிராளி தன் கட்டளையைத் தூரத்திலிருந்தே சேவையகத்தில் இயக்க முடிந்தது. பைதனின் நியம லொகிங் நூலகத்துக்கு இந்தப் பாதிப்பு இல்லை. ஆனால் பயனர் தட்டச்சு செய்ததை நம்பிப் பதியக் கூடாது என்பது எல்லா மொழிக்கும் பொருந்தும்.

• கடவுச்சொல், வங்கிக் கணக்கு, தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவை லொக் கோப்புக்குள் போகக் கூடாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொழுந்துச் செய்நிரலில் வழு தேட, தொழிலாளரின் செக்ரோல் இலக்கமும் நிறையும் போதும்.