புத்தொழில் மானியம்: விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் களத்தில் குவித்துவிட்டு, காய் ஆய்வதற்கு ஆள் கிடைக்காமல் வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்த அனுபவம் உழவர்கள் பலருக்கும் உண்டு. அச்சமயம் மழை பிடித்துக் கொண்டால் காயில் பூசணம் படரும். அஃப்ளடாக்சின் என்னும் நச்சுப் பொருள் உண்டாகி விலையும் சரியும். இத்தொல்லையைக் கண்டு, உங்கள் மகனோ மகளோ அல்லது ஊர் இளைஞர்களோ காய் ஆயும் கருவி ஒன்றைத் தாங்களே செய்து பார்த்திருக்கலாம். அக்கருவியைத் தொழிலாக வளர்க்க மானியம் பெற வழியுண்டு. ஆனால் இது சொட்டு நீருக்கும் பவர் டில்லருக்கும் கிடைக்கும் மானியம் போன்றதன்று. போட்டியிட்டு வெல்ல வேண்டிய மானியமாகும்.

போட்டி மானியம் என்பது என்ன?

வழக்கமான மானியத்தில் சிட்டா, அடங்கல் முதலிய ஆவணங்கள் சரியாக இருந்தால் போதும். போட்டி மானியத்தில் விண்ணப்பித்தவர்களுள் சிலரை மட்டும் தேர்வுக் குழு அழைக்கும். அவர்கள் குழுவின் முன் நின்று, சில நிமிடங்களுக்குள் தங்கள் தொழிலை விளக்க வேண்டும். கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். தேர்வு பெற்றவர்களுக்கே பணம் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் வேலை நடக்க நடக்கத் தவணைகளாகவே வழங்கப்படும்.

முக்கியத் திட்டங்கள்

1. தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டத்தின் கீழ், 2018-19 முதல் வேளாண் புத்தொழில்களுக்கு உதவி அறிவிக்கப்பட்டது. கருத்து நிலையில் உள்ள தொழிலுக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், அதற்கு அடுத்த நிலைக்கு 25 லட்சம் ரூபாய் வரையும் உச்சவரம்பு வகுக்கப்பட்டது. தொழில் முனைவோரும் தம் பங்காக ஒரு தொகையைப் போட வேண்டும்.

2. தமிழ்நாடு அரசின் புத்தொழில் ஆதார நிதியை டான்சீட் என்று அழைக்கிறார்கள். தொடக்கத்தில் இதில் 10 லட்சம் ரூபாய் வரை வழங்கப்பட்டது. பின்னர் பெண்கள் தலைமையிலான தொழில்களுக்கும் ஊரக நலனுக்கான தொழில்களுக்கும் 15 லட்சம் ரூபாய் என உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இதற்கு ஈடாக நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கை அளிக்க வேண்டும்.

3. மத்திய அரசின் புத்தொழில் விதை நிதித் திட்டம் 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மாதிரிக் கருவி செய்யவும் சோதித்துப் பார்க்கவும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தர இதில் வகை செய்யப்பட்டது. இது தொழில் வளர்காப்பகங்கள் வழியாகவே வழங்கப்பட்டது.

தொகையும் விதிகளும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுவதுண்டு. ஆகவே புதிய அறிவிப்பைப் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

கருவியை மட்டும் புகழ்ந்தால் போதாது

"எங்கள் கருவி மிக நன்றாக வேலை செய்கிறது" என்று சொன்னால் குழு திருப்தி அடையாது. ஒரு நாள் வேலையில் எவ்வளவு மிச்சம், அந்த மிச்சம் யாருக்குப் போகிறது, கருவிக்குப் போட்ட பணம் எப்போது திரும்பும் என்றே கேட்பார்கள். இக்கேள்விகளை உங்களுக்கு நீங்களே முதலில் கேட்டுக் கொள்ள வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக் கொண்டவையே. உங்கள் ஊர் நிலவரத்தை நீங்கள் போட்டுக் கொள்ளவும்.

கையால் ஒருவர் நாளொன்றுக்கு 40 கிலோ ஈரக்காய் ஆய்கிறார், கூலி 400 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கிலோவுக்கு 10 ரூபாய் செலவாகிறது. கருவியைக் கொண்டு 4 பேர் ஒரு நாளில் 400 கிலோ ஆய்கிறார்கள். கூலி 1,600 ரூபாய். எரிபொருள், தேய்மானம் 400 ரூபாய். ஆக 2,000 ரூபாய். கிலோவுக்கு 5 ரூபாய்தான் செலவு. ஏக்கருக்கு 1,200 கிலோ ஈரக்காய் என்றால் 6,000 ரூபாய் மிச்சம்.

இத்துடன் கணக்கை முடித்து விடக் கூடாது. கருவியில் கூடுதலாக 100-க்கு 3 காய் உடைகிறது எனில் 36 கிலோ நட்டம். கிலோ 40 ரூபாய் வீதம் இது 1,440 ரூபாய். ஆகவே உண்மையான மிச்சம் 4,560 ரூபாய் மட்டுமே.

கருவியின் விலை 60,000 ரூபாய் என்றால், போட்ட பணத்தை எடுக்க 13 ஏக்கருக்கு மேல் ஆய வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இதை வாங்க மாட்டார். வாடகைக்கு விடலாம் என்று தோன்றும். கிலோவுக்கு 2 ரூபாய் வாடகை வாங்கினால் ஏக்கருக்கு 2,400 ரூபாய் கிடைக்கும். நிலத்துக்காரருக்கும் 2,160 ரூபாய் மிஞ்சும். முதலை எடுக்க 25 ஏக்கர் தேவை. ஆனால் ஓர் ஏக்கருக்கு 3 நாள் பிடிக்கிறதே! 25 ஏக்கருக்கு 75 நாள் ஆகும். ஓர் ஊரில் அறுவடை அத்தனை நாள் நீடிப்பதில்லை. ஆகவே இரண்டு பட்டத்திலும் வேலை வேண்டும், அல்லது முன்பின்னாக அறுவடை நடக்கும் பக்கத்து ஊர்களுக்கும் கருவி போக வேண்டும், அல்லது கருவியின் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இக்குறையைக் குழு எடுத்துக் காட்டுமுன் நீங்களே கண்டறிந்து, அதற்குரிய வழியையும் சொன்னால் உங்கள் பேச்சில் நம்பிக்கை பிறக்கும். வழியே இல்லை என்று தெரிந்தால், கடன் வாங்கிக் கையைச் சுட்டுக் கொள்ளாமல் தப்பித்தீர்கள்.

சோதனை செய்யும் முறை

• உங்கள் வயலில் மட்டுமின்றி, வேறு சிலரின் வயலிலும் கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும்.
• ஒரே நாளில், ஒரே வயலின் செடியைக் கையாலும் கருவியாலும் ஆய்ந்து ஒப்பிட வேண்டும்.
• நேரம், ஆட்கள், காயின் எடை, உடைந்த காய், எரிபொருள் ஆகியவற்றை அன்றன்றே நோட்டில் குறிக்க வேண்டும்.
• கருவி நின்று போன நாளையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

பெரும்பாலான திட்டங்களுக்குப் பதிவு பெற்ற நிறுவனம் தேவை. தனிநபராகக் கருவி கண்டுபிடித்தவர்கள், 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியப் புத்தாக்க அறக்கட்டளையை அணுகலாம். காப்புரிமை பெறும் எண்ணம் இருந்தால், கருவியைப் பலரறியக் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். மானியப் பணத்திற்குத் தனி வங்கிக் கணக்கும் பற்றுச்சீட்டுகளும் அவசியம். அப்பணத்தை வீட்டுச் செலவுக்கோ பழைய கடனுக்கோ திருப்பக் கூடாது. "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். மானியம் வருமென்று நம்பி நிலத்தையோ நகையையோ அடகு வைக்கவும் வேண்டாம்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் வணிக மேம்பாட்டுப் பிரிவிலும், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். போகும்போது கருவியின் படத்தோடு ஒரு பட்டத்துச் சோதனைக் கணக்கெழுதிய நோட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த நோட்டு உங்களுக்கு உதவும்.