டாட் காமா, டாட் இன்னா?

பொடி வியாபாரத்துக்கு வெப்சைட் ஆரம்பிக்கப் போறேன்னு சொன்னியே தங்கச்சி, பேருக்கு யோசிக்கிற அளவுக்கு அதோட வாலுக்கும் யோசி. 'எது மலிவோ அதைப் போட்டுக்கலாம்'னு விட்டுடாதே.

முதல்ல டாட் காம் கிடைக்குதான்னு பாரு. 1985லேர்ந்து இருக்கறது, நம்ம ஜனங்க வாய்க்கும் விரலுக்கும் அதுதான் பழக்கம். போன்ல நீ பொறுமையா 'டாட் ஸ்டோர்'னு சொன்னாலும், பருப்புப்பொடி கேட்ட மாமி பேரை அடிச்சுட்டுத் தன்னால டாட் காம்னுதான் முடிப்பாங்க. அங்கே அதே பேர்ல இன்னொரு பொடிக்கடை இருந்தா உன் ஆர்டர் அங்கே போயிடும். அப்படி ஒரு கடை இருந்தா எக்ஸ்டென்ஷனை மாத்திப் பிரயோஜனமில்ல, பேரையே மாத்து.

வெளியூருக்கெல்லாம் அனுப்பினாலும் இந்தியாவுக்குள்ளதான் விற்கப் போறேன்னா டாட் இன் தாராளமா போதும். 2005லேர்ந்து யார் வேணும்னாலும் வாங்கலாம். இது இந்திய ஆளுங்களுக்கான தளம்னு கூகுளும் எடுத்துக்கும். பதியும்போது அடையாள அட்டை கேட்கலாம், கையில வெச்சுக்கோ. சிங்கப்பூர், துபாய்னு பின்னாடி அனுப்பற ஆசை இருந்தா டாட் காம்தான். முடிஞ்சா ரெண்டையும் வாங்கி, ஒண்ணைத் தட்டினா இன்னொண்ணு திறக்கற மாதிரி வெச்சுடு. தமிழ்லயே 'டாட் இந்தியா'வும் இருக்கு, பார்க்க அழகுதான். ஆனா இமெயிலுக்கு எல்லா இடத்துலயும் ஏத்துக்க மாட்டாங்க, அதனால கூடுதலா மட்டும் வெச்சுக்கோ.

டாட் ஷாப், டாட் ஸ்டோர்னு வெச்சா கூகுள்ல மேலே வரும்னு யாராவது சொன்னா நம்பாதே. அந்த வாலுக்குன்னு தனிச் சலுகை கிடையாதுன்னு கூகுளே சொல்லியிருக்கு. இதுல இன்னொரு வில்லங்கம் விலை. முதல் வருஷம் நூறு ரூபாய்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, ரெண்டாம் வருஷ ரினியூவல் ஆயிரக்கணக்குல வந்து நிக்கும். அதுக்குள்ள பாக்கெட், லேபிள், விசிட்டிங் கார்டு எல்லாத்துலயும் அந்தப் பேரை அச்சடிச்சிருப்பே, விடவும் முடியாது. பணம் கட்டறதுக்கு முன்னாடி ரினியூவல் ரேட் எங்கே போட்டிருக்குன்னு தேடிப் படி.

இலவச டொமைன் பக்கமே போகாதே. டாட் ஜிஏ கபோன் நாட்டோடது. 2023ல அந்த நாடு அதைத் திரும்ப எடுத்துக்கிட்டப்போ, இலவசமா வாங்கின லட்சக்கணக்கான முகவரிகள் இல்லாமலே போச்சு.

எல்லாத்தையும்விட முக்கியம், டொமைன் உன் பேர்ல, உன் இமெயில்ல, உன் போன் நம்பர்ல இருக்கணும். வெப்சைட் செஞ்சு தர்ற தம்பி 'நானே வாங்கிடறேன் அக்கா'ம்பான். நல்ல பையனாவே இருக்கட்டும், நாளைக்கு அவன் வேற வேலைக்குப் போயிட்டா ரினியூவல் நோட்டீஸ் அவன் இமெயிலுக்குத்தான் போகும். டாட் காம் காலாவதியானா உடனே போயிடாது, கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டினா மீட்க அபராதம் மாதிரி தனியா கட்டணும், அதையும் விட்டா வேற யாரும் எடுத்துக்கலாம். ஆட்டோ ரினியூவலைப் போட்டு வை, கார்டு மாத்தினா அங்கேயும் மாத்து.

ராத்திரி உட்கார்ந்து மூணு நாலு பேர் எழுதி வாட்ஸ்அப்புல அனுப்பு. டாட் காம்லயும் டாட் இன்லயும் எது காலியா இருக்குன்னு நான் பார்த்துச் சொல்றேன்.