ஜூன் மாதத்துக்கு முன்: வரலாறு பயிலப்போகும் மாணவிக்கு ஒரு மடல்

அன்புள்ள மாணவிக்கு,

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் மேல்நிலை வகுப்பின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட கோடை விடுமுறையில், வரலாற்றை விருப்பப் பாடமாகக் கொள்ளவிருக்கும் மாணவர் பலரும் செய்வது, அடுத்த ஆண்டுப் பாடநூலை இரவல் வாங்கி அதிலுள்ள ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் மனப்பாடம் செய்யத் தொடங்குவதேயாகும். இதில் தவறொன்றும் இல்லையெனினும், மே மாதத்தில் மனத்தில் ஏற்றிய ஆண்டுகள் செப்டம்பர் காலாண்டுத் தேர்வு வரை தங்குவது அரிது. மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு இந்திய வரலாற்றுக்கு ஒதுக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பின் பிற்பகுதியில்தான் நவீன உலகம் விரிவாக வருகிறது. மத்திய வாரியத்தின் பதினொன்றாம் வகுப்புப் பாடமோ மெசொப்பொத்தேமியாவில் தொடங்கி உரோமையர், மங்கோலியர் வழியாக நவீன காலம் வரை உலகையே பொருளாகக் கொள்கிறது. எவ்வழியில் செல்பவருக்கும் முன்கூட்டியே தேவைப்படுவது செய்தித் தொகுப்பன்று. ஓர் ஊரில் நிகழ்ந்ததை மற்றோர் ஊரில் நிகழ்ந்ததோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம். அப்பழக்கத்தைப் பெறக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் மாணவருக்கு வாய்த்துள்ள வசதி வேறு பலருக்கு வாய்க்கவில்லை என்பதே இம்மடலின் கருத்தாகும்.

அப்பள்ளத்தாக்குக்கு நீர் தரும் பெரியாற்று அணையிலிருந்து தொடங்கலாம். மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடும் ஆற்றை மலையில் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்ப இயலுமா என்று 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரத்து அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆராயச் செய்தார் என்றும், பொருள் போதாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது என்றும் அணையின் வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவர். அதே 1789-இல்தான் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. வெவ்வேறு இடங்களில் ஒரே காலத்தில் நிகழ்வனவற்றை உடன்நிகழ்வு எனலாம். ஆனால் பாரிசில் பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்டதற்கும் இராமநாதபுரத்து அமைச்சரின் ஆய்வுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இரண்டும் ஒரே ஆண்டில் வந்து நின்றது தற்செயல். ஒரே ஆண்டைச் சேர்ந்தவை என்பதற்காகவே இரண்டு செய்திகளைக் காரண காரியமாக முடிச்சுப் போடுவது, புதிதாக வரலாறு படிப்போர் முதலில் செய்யும் பிழையாகும்.

இதற்கு நேர்மாறான சான்று நூறாண்டுக்கும் குறைவான இடைவெளியில் கிடைக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சம், அது தொடங்கிய தமிழ் ஆண்டின் பெயரால் தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. முதியோர் பேச்சிலும் கும்மிப் பாட்டிலும் அதன் எச்சம் நெடுங்காலம் நின்றது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வட சீனத்திலும், பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியிலும் மழை பொய்த்து மக்கள் பெருந்திரளாக மடிந்தனர். இவ்வுடன்நிகழ்வு தற்செயலன்று. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்துக்கு மீறி வெப்பமடைந்து உலகின் காற்றோட்டத்தை மாற்றும் எல் நினோ என்னும் நிகழ்வு, மூன்று இடங்களிலும் மழையைக் குலைத்ததே அவற்றின் பொதுக் காரணம். எனினும் மழையின்மை மட்டுமே பஞ்சத்தை உண்டாக்கிவிடுவதில்லை. தானியம் ஏற்றுமதியானதா, வரி தள்ளப்பட்டதா, நிவாரணக் கூலி எவ்வளவு என்ற வினாக்கள் ஒவ்வொரு நாட்டிலும் ஆட்சியாளரை நோக்கியே திரும்புகின்றன. இயற்கை தந்த காரணத்தையும் ஆட்சி தந்த காரணத்தையும் பிரித்தறிய முயல்வதே மேல்நிலை வகுப்பு எதிர்பார்க்கும் திறன். நெடுங்காலம் பேச்சளவில் கிடந்த பெரியாற்றுத் திட்டம் செயலுக்கு வர அப்பஞ்சமே உந்துதல் ஆயிற்று.

அணைக்கான குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே ஏற்பட்டது. எட்டாயிரம் ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வாடகை, காலம் 999 ஆண்டுகள். இத்தகைய பத்திரத்தை வரலாற்றாசிரியர்கள் முதன்மைச் சான்று என்பர். நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, அதில் பங்குகொண்டவர்களால் உண்டாக்கப்பட்ட ஆவணம், கடிதம், நாட்குறிப்பு, கல்வெட்டு முதலியன அதனுள் அடங்கும். பிற்காலத்தார் அவற்றைப் படித்து எழுதியவை துணைமைச் சான்றுகள். முதன்மைச் சான்று என்பதாலேயே அது முழு உண்மை ஆகிவிடாது. அதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், கையெழுத்திட மறுக்கும் உரிமை இருதரப்புக்கும் சமமாக இருந்ததா என்று கேட்க வேண்டும். திருவிதாங்கூர் மன்னர் தம் நாட்டை ஆண்டார் எனினும் அவர் அவையில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக ரெசிடெண்ட் ஒருவர் இருந்தார் என்பதையும், பிரிட்டன் சீனாவிடமிருந்து ஹாங்காங்கின் புதிய நிலப்பகுதியை 1898-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணவருக்கு, ஏகாதிபத்தியம் என்னும் சொல், அதாவது ஒரு நாடு மற்ற நாடுகளின் நிலத்தையும் ஆட்சியையும் பொருளாதாரத்தையும் தன் பிடிக்குள் கொண்டுவருதல், வரையறையாக நில்லாமல் பத்திரத்தின் வரிகளாகவே விளங்கிவிடும். 1970-இல் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது. ஆண்ட பேரரசு அகன்ற பின்பும் பத்திரம் மட்டும் வாழ்ந்துகொண்டிருப்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இங்கே ஒரு நுட்பமான இடம் உண்டு. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக், அரசு பணம் தர மறுத்தபோது தம் சொத்தை விற்று வேலையை முடித்தார் என்னும் கதையைப் பள்ளத்தாக்கில் கேளாதார் இல்லை. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் எழுந்துள்ளது. பிறந்த நாளான ஜனவரி 15, தைப்பொங்கலை ஒட்டி வருவதால் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கும் வழக்கமும் உண்டு. அணை வேலையில் பங்குகொண்ட பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதிய பெரியாற்றுத் திட்டத்தின் வரலாறு 1899-இல் சென்னையில் அரசு வெளியீடாகவே வந்தது. நன்றியுணர்ச்சியில் பிறந்த வாய்மொழி மரபையும், அரசுக்காக எழுதப்பட்ட நூலையும் எதிரெதிரே வைத்து, எந்த ஆவணம் கிடைத்தால் அக்கதை உறுதிப்படும் என்று வினவுவது பென்னிகுயிக்கை இழிவுபடுத்துவதாகாது. வாய்மொழி மரபு பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகாமற் போயினும், அந்த நீர் உழவருக்கு எத்தகைய பொருளாயிற்று என்பதற்குச் சான்றாகவே நிற்கும். இரண்டும் வெவ்வேறு வினாக்கள். அவ்விரண்டு சான்றுகளிலும் பெயரற்றுப் போனவர்கள், காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டு அணைக்கருகே காட்டில் புதைக்கப்பட்ட கூலியாட்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்த சுர்க்கிக் கலவை அதன் கட்டுமானத்தின் உள்ளீடாகும். அதன் பின் அப்பொறியாளர் எங்கே சென்றார் என்று தொடர்வது நல்ல பயிற்சி. புனேயில் பிறந்த பென்னிகுயிக், இங்கிலாந்தில் இந்தியப் பொறியாளர்களைப் பயிற்றும் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராகி, 1899-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வழி கூற அழைக்கப்பட்டார். அதே தலைமுறையைச் சேர்ந்த வில்லியம் வில்காக்ஸ் இந்தியாவில் பிறந்து ரூர்க்கியில் பயின்று, எகிப்தில் நைல் நதிக்குக் குறுக்கே 1902-இல் முடிந்த அசுவான் பழைய அணையை வடிவமைத்தார். கம்பத்து வயலும் நைல் கரைப் பருத்திக் காடும் ஒரே பேரரசின் நீர்ப்பாசன அறிவால் இணைக்கப்பட்டிருந்தன என்பதை, உலகப் படத்தில் இந்த ஊர்களைப் பென்சிலால் கோடிட்டு இணைக்கும் மாணவர் ஒரு மாலைப் பொழுதில் கண்டுகொள்வார். அச்சிட்ட படத்தைப் பார்ப்பதைவிடக் கையால் வரைவது மேல். கோணலாக வந்தாலும் பாதகமில்லை.

ஆவணங்களைவிடச் சமையலறை எளிது என்று கருதுபவர் அங்கிருந்தும் தொடங்கலாம். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், நிலக்கடலை ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. 1492-இல் கொலம்பசின் கடற்பயணத்துக்குப் பின்னரே அவை பிற கண்டங்களை அடைந்தன. பயிர், விலங்கு, நோய், மனிதர் ஆகியவை அட்லாண்டிக்கின் இருபுறமும் இடம் மாறிய இந்நிகழ்வைக் கொலம்பியப் பரிமாற்றம் என்பர். சங்ககாலத்து அடுப்பில் காரத்துக்கு மிளகு இருந்தது, மிளகாய் இல்லை. எதிர்த்திசையில் சென்ற பயிருக்குப் போடிநாயக்கனூர் சாட்சி. ஏலம் அவ்வூரை ஒட்டிய மலைத் தொடருக்கே உரிய செடி. 1914-இல் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அதைக் குவாத்தமாலாவில் பயிரிட்டார். இன்று உலகில் மிகுதியாக ஏலம் விளைவிக்கும் நாடு அதுவே. போடியில் ஏல வியாபாரிகள் விலை கூறும்போது மத்திய அமெரிக்காவின் மழையும் அரபு நாட்டுக் காப்பிக் குவளையும் கண்ணுக்குத் தெரியாமல் உடன் அமர்ந்திருக்கின்றன. வணிகப் பயிரின் விலை தொலைவில் முடிவாகும் நிலையைப் பாடநூல் உலகமயமாதல் என்ற தலைப்பில் தொழிற்புரட்சிக்குப் பின்னால் வைத்துப் பேசும். போடிக்காரருக்கு அது அன்றாடக் கணக்கு. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழிறங்கிப் போடி வழியாகத் துறைமுகத்துக்குப் போனதும், மூணாறு மலை ரயிலை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றதும் தனியே எழுதத் தக்கவை.

பண்டைக்காலத்துக்குச் செல்ல ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை போதும். 2006-இல் அங்குக் கிடைத்த நடுகற்களில் தமிழ்பிராமி எழுத்து உள்ளது, கி.மு. 3-ஆம் நூற்றாண்டு அளவினதாக ஆய்வாளர் கணிப்பர். ஒரு கல்லில் கூடல் ஊர் என்ற பெயரும் ஆகோள் என்ற சொல்லும் வருகின்றன. ஆகோள் என்பது பகைவர் ஆநிரையைக் கவர்தல். அப்பூசலில் இறந்தவனுக்கு எடுத்த கல் அது. மெசொப்பொத்தேமியாவில் உரூக் நகரில் ஏறத்தாழ கி.மு. 3200-இல் எழுத்து தோன்றியபோது, களிமண் பலகையில் பதிந்தது ஆடும் ரொட்டியும் மீனும் பற்றிய கணக்கு. அங்கே கோயில் கிடங்கின் வரவு செலவு, இங்கே மாட்டுக்காக மாண்டவன் பெயர். எழுத்து எதற்காகப் பிறக்கிறது என்ற வினாவை உலக வரலாற்றுப் பாடத்தின் முதல் இயல் எழுப்பும்போது, இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதக்கூடிய மாணவர் வகுப்பில் தனித்துத் தெரிவார். ஆனால் ஒப்பீட்டில் ஒரு பொறி உண்டு: களிமண் கணக்குகள் ஆயிரக்கணக்கில் எஞ்சின, இங்கே பனையோலையில் கணக்கு எழுதப்பட்டிருந்தால் அது மட்கிப் போயிருக்கும். எஞ்சியவற்றை மட்டும் வைத்து இருந்தவற்றை அளப்பது ஆபத்து.

படிக்கும் நூல்களைப் பொறுத்தவரை மூன்று போதும், அவையும் முழுதாக வேண்டா. நேரு சிறையிலிருந்து 1930 முதல் 1933 வரை தம் மகளுக்கு எழுதிய மடல்களின் தொகுதி தமிழில் உலக சரித்திரம் என்ற பெயரில் கிடைக்கிறது. நூலகம் இல்லாத அறையில், விடுதலைப் போராட்டத்தின் நடுவே எழுதப்பட்டது என்பதை மறவாமல் படிக்க வேண்டும், ஏனெனில் அதன் வேகமும் சாய்வும் அங்கிருந்தே பிறக்கின்றன. வெ. சாமிநாத சர்மாவின் கிரீஸ் வாழ்ந்த வரலாறு, ஐரோப்பியப் பண்டைக்காலத்தைத் தமிழ் உரைநடையிலேயே சிந்திக்க முடியும் என்று காட்டும். மூன்றாவதாக, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து சில நாட்கள். ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய போர்கள் சோழமண்டலக் கரையில் எப்படி அரிசி விலையாகவும் கப்பல் வதந்தியாகவும் வந்து இறங்கின என்பதை அவர் தம் தமிழில் அன்றன்றே எழுதிவைத்தார். உலக வரலாற்றுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் முதன்மைச் சான்று அரிது. கிளை நூலகத்தில் இல்லாதது தேனி மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்கக்கூடும். அரசின் தமிழ் மின் நூலகத்தில் தேடுவதற்குக் கட்டணமும் இல்லை.

வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதினால் எட்டுப் பக்கங்கள் சேரும். ஒவ்வொன்றும் ஒரு வினாவுக்கு விடையாக அமைய வேண்டும். சான்று எது, அதை எழுதியவர் யார் என்பது அப்பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். நூலின் தொடர்களை அப்படியே பெயர்த்தெழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாம். நீர் இருப்புப் போதுமான ஆண்டுகளில் ஜூன் முதல் நாளில், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போக நெல்லுக்காகப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. பள்ளி திறப்பதும் அதையொட்டித்தான். அன்று வாய்க்கால் கரையில் நின்று, இத்தண்ணீர் இங்கே வந்து சேர எத்தனை ஊர்களில் எத்தனை கையெழுத்துகள் தேவைப்பட்டன என்று ஒன்பதாவது பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.

அன்புடன்,
வரலாற்று வாசகர் ஒருவர்